வா, நில்லு

சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி நின்று ஜனங்கள் பேசிய காலம் போய், குருவிமலை உச்சியில் டவர் ஒன்று எழும்பியிருந்த புதுசு. டவரின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு செம்புக்கம்பியும், விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு சிலிக்கான் சில்லும் குடியிருந்தார்கள்.

செம்புக்கம்பிக்கு வாய் சும்மா இருக்காது. “மின்சாரம் வந்தா நான் மறுபேச்சில்லாம வழிவிடுவேன். மின்கம்பத்துப் பீங்கான் ஒரேயடியா மறிச்சிடும். நீ என்னடா, ஒரு சமயம் ‘வா’ங்கறே, ஒரு சமயம் ‘நில்லு’ங்கறே! அரைகுறைப் பயலே!”

சில்லுக்கு அழுகையே வந்துவிடும். சிலிக்கானுக்குக் குறைகடத்தி என்று பெயர் வேறு வைத்துத் தொலைத்திருக்கிறார்களே!

தேர்த்திருவிழா வந்தது. மலையடிவாரம் முழுக்க ஆளுக்கொரு போனும் கையுமாகக் கூட்டம். “இன்னைக்குப் பாரு அண்ணே, நானும் உன்னை மாதிரிதான்!” என்று வீம்பாகச் சொன்ன சில்லு, வந்ததையெல்லாம் ‘வா, வா’ என்று திறந்துவிட்டது.

அவ்வளவுதான்! பலூன் கேட்டவன் பேச்சும், செருப்பைத் தொலைத்தவள் புலம்பலும், நாதஸ்வரமும் ஒன்றாகக் கலந்து வெறும் இரைச்சலாகிவிட்டது.

அந்த இரைச்சலில் மயிலாத்தாளின் குரல் மூழ்கிக்கொண்டிருந்தது. நிறைமாதக்காரி, வீட்டில் தனியாக இருந்தாள். தேர்க்கூட்டத்தில் நின்ற ஆட்டோக்காரப் புருஷன் செல்லாண்டியைப் போனில் கூப்பிட்டாள். “ஏனுங்க, வலி எடுத்துருச்சுங்க, வெரசா வாங்க!” அவன் காதில் கொரகொரவென்று சத்தம்தான் விழுந்தது.

சில்லு பதறிப்போனது. “ஐயோ, என் வீம்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட! அண்ணே, நான் அரைகுறையாவே இருந்துட்டுப் போறேன்!” என்று வேலையில் இறங்கியது. “பலூன், நில்லு! செருப்பு, கொஞ்சம் பொறு! நாதஸ்வரம், கோவிச்சுக்காதே, நில்லு! மயிலாத்தாக்கா, நீ வா! வா!”

குரல் கணீரென்று போய்ச் சேர்ந்தது. “இதா வந்துட்டேன் புள்ள!” என்று செல்லாண்டி ஆட்டோவைப் பறக்கவிட்டான். பிறகு மற்றவர்களையும் சில்லு ஒவ்வொருவராக அனுப்பிவைத்தது. செருப்புகூடக் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செல்லாண்டி தன் அம்மாவுக்குப் போன் போட்டான். “பாப்பா பொறந்திருக்கும்மா! நீயே கேளு!” என்று போனைத் தொட்டில் பக்கம் நீட்டினான். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை செம்புக்கம்பி வழியே ஓடிவந்து சில்லின் வாசலை எட்டியது.

செம்புக்கம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“தம்பி, என் கையில எதுவும் நிக்காதுடா. இந்தப் பாப்பா குரலை மட்டும் நீ ஒரு நொடி நிறுத்தி வை, ஆசைதீரக் கேட்டுக்கறேன்!”