இருபத்துநான்கு கயிறுகள்

“சாதனை என் பேர்லதான் இருக்கும்மா. ஆனா ஆறு வருஷமா ஒரு நாள்கூட நான் முழுசா தூங்கல.”

வீரபாகு இதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. எதிரே இருந்த பெண் குருவுக்கு நாற்பத்தொன்று.

ராக்கெட் எஞ்சினில் ஓடும் கார் ஒன்றைச் செய்து, தரையில் அதுவரை எந்த வண்டியும் போகாத வேகத்தில் அதைப் போகவைத்தவர் வீரபாகு. குருவோ, துறவு கொள்வதற்கு முன் ஒன்பது வருடம் விமானத் தளத்தில் பாராசூட் மடித்தவர். காரை நிறுத்தும் பாராசூட்டை எப்படி மடிப்பது என்று வீரபாகு அவரிடம்தான் கற்றார்.

“எதுல வந்தீங்க?” என்று குரு கேட்டார்.

“பஸ்லதான்.”

“உலகத்துலயே வேகமான வண்டி செஞ்ச ஆளு.”

“வழியில ரெண்டு தடவை நின்னுபோச்சு. தள்ளினோம்.”

குரு சிரித்தார். வீரபாகு சிரிக்கவில்லை.

“அந்தக் காரை ஓட்டின மிக்கேல் எப்படி இருக்கார்?”

“இருக்கான்.”

“நான் எப்படின்னு கேட்டேன்.”



குரு எழுந்து உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். அமைதி தேடி வருகிற யாருக்கும் அவர் மந்திரம் சொன்னதில்லை. ஒரு பழைய பாராசூட்டைக் கொடுத்து மடிக்கச் சொல்வார்.

“மடிங்க.”

“மறந்திருக்கும்மா.”

“பார்ப்போம்.”

மறக்கவில்லை. கூடத்தின் நீளத்துக்கு வீரபாகு கயிறுகளை இழுத்து வைத்தார். மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து துணிவரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஏழாவது கயிறு பதினொன்றாவதன்மேல் ஏறிக் கிடந்தது. எடுத்துவிட்டார். துணியை நீவினார். மடித்தார். மறுபடி நீவினார்.

குரு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

பையின் வாயைக் கட்டியதும் வீரபாகு, “ஐம்பத்திரண்டு நிமிஷம்” என்றார்.

“நான் கடிகாரம் பார்க்கல.”

“நான் பார்த்தேன்.”

“சாதனை அன்னைக்கு எவ்வளவு?”

வீரபாகு பையிலிருந்து கையை எடுத்தார்.

“போகணும், திரும்பி வரணும். ரெண்டு ஓட்டமும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியணும். அதுதான் விதி. முதல் ஓட்டம் நல்லா போச்சு. வண்டியைத் திருப்பி நிறுத்தி, எரிபொருள் ஊத்தி… மடிக்கறதுக்கு எனக்கு முப்பத்தொரு நிமிஷம்தான் மிச்சம் இருந்துச்சு.”

“இன்னொரு பாராசூட் வச்சிருந்தீங்களே.”

“முந்தின நாள் கிழிஞ்சிடுச்சு.”

“அப்ப எதை விட்டீங்க?”

“கயிறு பார்க்கறதை.”

“ஒண்ணுகூடவா பார்க்கல?”

“ஒன்பது பார்த்தேன்.”

குரு கீரையைத் தள்ளி வைத்தார்.

“மிக்கேல் கேட்டான். ‘அண்ணே, நல்லா பார்த்துட்டீங்கள்ல?’ன்னு. இருபத்துநாலும் பார்த்தாச்சு, ஏறுன்னு சொன்னேன். பார்த்ததா கையெழுத்தும் போட்டேன்.”

அன்று கார் கடைசிக் கோட்டைச் சாதனை வேகத்தில் தாண்டியது. அதன் பிறகு விரிய வேண்டிய பாராசூட் விரியவில்லை. கட்டிப்போட்ட மூட்டைபோல் பின்னால் இழுபட்டு வந்தது. கார் ஓடிய உப்புத் தரை முடிந்து, முள்காட்டுக்குள் போய்த்தான் அது நின்றது. மிக்கேலின் இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

“அறிக்கையில என்ன எழுதினீங்க?”

“டிரைவர் பாராசூட் பொத்தானை லேட்டா அமுக்கினான்னு.”

“எவ்வளவு லேட்டு?”

“அரை செகண்ட்.”

“யார் அளந்தது?”

“யாரும் அளக்கல. அளக்காம நான் எழுதின ஒரே எண் அதுதாம்மா.”

வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

“இப்ப உண்மையைச் சொன்னா?”

“என் கையெழுத்து பொய்னு ஆகும். ரெண்டாவது ஓட்டம் செல்லாது. சாதனையை எடுத்துடுவாங்க. இருபத்திரண்டு வருஷ உழைப்பு.”

“சொல்லலைன்னா?”

“ஒண்ணும் ஆகாது. எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்.”

“யாருக்கு?”



குரு கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அடுப்படியிலிருந்து வேறு கேள்வி எதுவும் வரவில்லை.

வீரபாகு செல்போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்தில் பதினேழு முறை அதை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே நிறுத்தியிருக்கிறார்.

இந்த முறை மணி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

“மிக்கேலா?”

“ஆமா, யார் பேசறது?”

“வண்டி…” என்றார் வீரபாகு. அதற்கு மேல் குரல் வரவில்லை.

“வண்டி ஓட்டறதுக்குன்னா வேற யாரையாவது பாருங்க, சார்” என்றார் மிக்கேல் பணிவாக. “நான் அதை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. எனக்குக் கை கொஞ்சம் லேட்டு.”