ரோட்டிலிருந்து மூன்றடி

"ஏரிக்குள்ள வீட்டைக் கட்டிட்டு, தண்ணி வருது தண்ணி வருதுன்னா யாரு என்ன பண்றது?"

ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் தன் தோழியிடம் சொன்னது இது.

"அடியேய், இந்த ஆட்டோவே ஏரியிலதான் போவுது. இறங்கி நீந்துறியா?" என்றாள் தோழி. எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பேசியது எங்கள் தெருவைப் பற்றித்தான். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே ஒரு புதிராக வைக்கிறேன்.

சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது அல்லியேரி நகர். நாற்பது வருடங்களுக்கு முன், ஊருக்குள் மனை வாங்க முடியாதவர்களுக்காக ஏரியின் ஓர் ஓரத்தில் மண் அடித்து மேடாக்கி, மனை போட்டு விற்றார்கள். எங்கள் தெருவில் இருக்கும் குணவதியின் கணவர் அதில் ஒன்றை வாங்கினார். தரையை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று கேட்டபோது, "ரோட்டிலிருந்து மூணடி போதும்ண்ணே" என்றார் மேஸ்திரி. இந்த நகரத்தில் எல்லா மேஸ்திரியும் சொல்லும் அளவு அது. அன்றைக்கு ரோடு என்பது செம்மண் பாதை. அதில் விழுந்த மழை தானாக ஏரிக்கு வழிந்து போகும்.

பிறகு நகரம் அந்தப் பாதையைத் தேடி வந்தது. செம்மண் மேல் ஜல்லி கொட்டினார்கள். ஜல்லி மேல் தார், தார் மேல் தார். ஒருமுறைகூடப் பழையதைச் சுரண்டி எடுத்ததில்லை. குணவதியின் கணவர் இறந்த வருடம் ரோடும் வாசற்படியும் ஒரே மட்டத்துக்கு வந்திருந்தன. அதன் பின் பக்கத்துச் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. தெருக்கோடியில் ஐந்து மாடி அடுக்ககம் எழுந்தது. அதைக் கட்டியவரும் ரோட்டிலிருந்து மூன்றடி என்றுதான் தரையை வைத்தார். கடைசியாக மழைநீர் வடிகால் வந்தது. அதன் வாய்களையும் அன்றைய ரோட்டு மட்டத்துக்கே வைத்தார்கள். மிச்சமிருந்த ஏரி தெருவுக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் கிடந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் மட்டும் கட்டிய நாளிலிருந்து அதே உயரத்தில் இருந்தது.

இன்று குணவதியின் வீட்டுக்குள் போக ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீரும் அதே படிகளில் இறங்குகிறது.

இந்த வருடம் ஆவணியில் மறுபடி ரோடு போட ஜல்லி வந்து இறங்கியது. இந்த முறை குணவதியால் சும்மா இருக்க முடியவில்லை. மகள் நிவேதாவுக்குக் கார்த்திகையில் தலைப்பிரசவம். ஐப்பசியில் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அந்த மாதங்களில்தான் தெருவில் வெள்ளம். "தண்ணி நிக்கிற வீட்டுல பச்சக் குழந்தையை எப்படிங்க விடுறது? உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க, நாங்களே பார்த்துக்கறோம்" என்று சம்பந்தியம்மா போனில் மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் குணவதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ரோடு வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் இளம்பரிதி தெருவுக்கு வந்த காலையில், குணவதி முதல் ஆளாக அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், பழைய தாரைச் சுரண்டிட்டு அப்புறம் போடுங்க. விதியே அதுதானே? போன தடவை கேட்டா அடுத்த தடவைன்னீங்க. நாங்க கட்டினப்ப ரோடு எங்களுக்குக் கீழ இருந்துது."

அடுக்ககத்தின் செயலாளர் வெங்கடரமணி குறுக்கே வந்தார். "சுரண்டட்டும் மேடம், நான் வேண்டாங்கலை. ஆனா வடிகால் வாய் இப்ப இருக்கிற ரோட்டு மட்டத்துல இருக்கு. ரோடு ஓரடி இறங்கினா தண்ணி மேல ஏறியா வடிகாலுக்குப் போகும்? தெருவே குளமாயிடும்."

"அந்த வடிகாலை யாருக்காக அவ்வளவு மேல வெச்சாங்க?"

"தெருவுக்காகத்தான்."

"அப்ப என் வீடு தெருவுல இல்லையா?"

வெங்கடரமணி கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டார். பொறியாளர் நெற்றியைத் துடைத்தார்.

"அம்மா, சுரண்டுற மிஷின் வர தை மாசம் ஆகும். மழைக்கு முன்னாடி போடலேன்னா இந்த வருஷம் ரோடே கிடையாது. ரோட்டுல இருக்கிற இந்தப் பள்ளத்துல ஆம்புலன்ஸ் வருமா? உங்க பொண்ணையே நினைச்சுப் பாருங்க."

அதுவும் பொய்யில்லை. போன வாரம்தான் அந்தப் பள்ளத்தில் பால் வண்டி கவிழ்ந்திருந்தது.

வாசிப்பவரே, மூன்று பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் ரோடு ஒன்றுதான், அதை மூன்று விதமாகப் போட முடியாது. ஒவ்வொருவரும் எங்கிருந்து அளந்தார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: யார் கேட்டது நியாயம்?

விடை: குணவதி கேட்டதுதான். மற்ற இருவரும் இன்றைய ரோட்டிலிருந்து அளந்தார்கள். அந்தத் தெருவில் நிற்காமல் ஏறிக்கொண்டே இருப்பது அந்த ரோடுதான். அசையாமல் இருப்பது கலங்கல். ரோட்டையும் வடிகாலையும் அதிலிருந்து அளந்திருக்க வேண்டும். குணவதி அளந்த செம்மண் பாதை அந்தக் கணக்குக்குச் சரியாக இருந்ததால்தான் அன்று தண்ணீர் தானாகப் போனது. வெங்கடரமணி காட்டிய தடை, வடிகாலை இறக்குவதற்குக் காரணமே தவிர ரோட்டை ஏற்றுவதற்கு அல்ல. பொறியாளருக்கோ, பள்ளங்களை மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு மிஷினுக்காகத் தை வரை காத்திருக்க வழி இருந்தது.

பொறியாளர் அன்று மாலைக்குள் பழைய தாரின் மேல் புதுத் தாரைப் போட்டு முடித்துவிட்டுப் போனார். மறுநாள் குணவதி மேஸ்திரியை வரவழைத்து, ஹாலில் இருந்த மின்விசிறியைக் கழற்றச் சொன்னார். கதவின் அடியை அறுத்து, தரையில் மண்ணும் ஜல்லியும் கொட்டி இரண்டடி உயர்த்தினார். ஐப்பசி முதல் வாரம் நிவேதா வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். குணவதி நிலையின் மேல் சட்டத்தில் ஒரு உள்ளங்கையை அணைத்து வைத்து, மற்றக் கையால் மகளின் தலையைத் தாழ்த்தி, உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.