பூக்காததற்கு விதை ஏது?

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தில் சொல்லும் தீர்ப்பை நானே நம்புவதில்லை.

ஒரு மலையூரில் மலர்க் கண்காட்சி. போட்டியில் வெல்பவருக்கு ஏரிக்கரையில் செடிக்கடை. வைக்கும் செடியைத் தானே முதலிலிருந்து முளைக்கவைத்து வளர்த்திருக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் நின்றவர்கள் ஃபிலோமினாவும் அவள் நாத்தனார் ஜெசிந்தாவும். கணவனைப் பிரிந்து வந்தவள் ஜெசிந்தா. கடை கிடைத்தால் தனிவீடு பார்ப்பாள். இல்லையென்றால் காலமெல்லாம் அண்ணன் வீட்டு அடுப்படிதான்.

ஃபிலோமினா வைத்தது நீலமாய்ப் பூத்த குறிஞ்சிச் செடி. ஜெசிந்தா வைத்தது சோலைக்காட்டு நிழலில் வளரும் பெரணி. வெறும் பச்சை இலைகள்.

"பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அதிசயம்!" என்று நடுவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. "எப்பம்மா விதை போட்டீங்க?"

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப சார். ஆறு வருஷமாப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்," என்றாள் ஃபிலோமினா.

"நல்ல பிள்ளை! பெத்தவ காட்டுல தேடிட்டிருப்பா," என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள். காட்டிலிருந்து அதைப் பிடுங்கி வந்தது அவள் அண்ணன், அதாவது ஃபிலோமினாவின் கணவன். உரக்கச் சொன்னால் அவன் வனத்துறையிடம் மாட்டுவான்.

நடுவர் பெரணி இலையைத் திருப்பினார். அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்.

"பூச்சி விழுந்திருக்கு."

"பூச்சியில்ல சார். இதுக்கு விதை மாதிரி அதுதான். அதைத் தூவித்தான் வளர்த்தேன்," என்றாள் ஜெசிந்தா.

ஃபிலோமினா சிரித்தாள். "பூக்காததுக்கு விதை ஏது நாத்தனாரே? காட்டுல பிடுங்கினேன்னு ஒத்துக்கயேன்!"

கூட்டமும் சிரித்தது. ஜெசிந்தா வாயைத் திறந்தாள், கூட்டத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். கடை ஃபிலோமினாவுக்குப் போயிற்று. ஜெசிந்தா தன் தொட்டியைத் தூக்கி நடுவரின் காலடியில் போட்டு உடைத்துவிட்டு நடந்தாள்.

ஒருத்தி பொய் சொன்னாள். ஒருத்தி தெரிந்தும் வாய்மூடி நின்றாள். ஒருவர் தீர்ப்பளித்தார். இதில் பெரிய குற்றம் யாருடையது?

விடை: நடுவருடையது. பெரணி பூப்பதில்லை, இலையடிப் புள்ளிகளின் தூளிலிருந்தே முளைக்கும். அது அவருக்குத் தெரியாமல் போனதை மன்னிக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டு என்று முழங்கிய வாயை வைத்துக்கொண்டு ஆறு ஆண்டை எப்படி விழுங்கினார்? ஃபிலோமினா பிழைப்புக்காகப் பொய் சொன்னாள், ஜெசிந்தா அண்ணனுக்காகப் பொறுத்தாள். அவருக்கு இழக்க எதுவுமில்லை. இருந்தும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை, கைதட்டல் நின்றுவிடுமே என்று. கைதட்டியவர்களின் குற்றத்தை நான் கேட்கவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை, பார்த்தீர்களா?