முடிந்தது என்று சொன்ன பாட்டு

இது நான் நேரில் கேட்ட கதை அல்ல. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஹவாய்த் தீவுகளில் கேட்டு வந்து, என் விடுதித் தோழி மங்கையர்க்கரசியிடம் சொல்லியிருக்கிறார். அவள் எனக்குச் சொன்னாள். வழியில் பெயர்கள் மாறியிருக்கலாம்.

முன்னொரு காலத்தில் அங்கே ஓர் அரசன் இருந்தான். அவனுடைய வம்சப் பாட்டு, நோஹெயா என்ற பாடகியின் தொண்டையில் குடியிருந்தது. நாற்பது தலைமுறைப் பெயர்களையும் ஒன்று விடாமல் சொல்லும். பொய்யே சொல்லாத பாட்டு என்று அதற்குப் பேர். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அரசனை அவன் தம்பி லோனோகாஹி குடும்பத்தோடு கொன்றான். பிறந்து மூன்றே நாளான பெண்குழந்தையை மட்டும் நோஹெயா ஒரு மீனவக் குடிசையில் ஒளித்துவிட்டாள். ஆனால் அந்த ஊர் வழக்கப்படி, வயிற்றில் இருக்கும்போதே அதன் பெயர் பாட்டில் சேர்ந்திருந்தது; சபை முன் மட்டும் இன்னும் பாடவில்லை.

மறுநாள் சபை கூடியது. அரசனுக்கே உரிய அண்ணனின் இறகுப் போர்வை தம்பியின் தோளில் கிடந்தது.

"பாடு, நோஹெயா. அண்ணன் வம்சத்தில் மிச்சம் யாராவது உண்டா, கேட்போம்" என்றான் லோனோகாஹி.

பாட்டு தொண்டைக்குள்ளேயே முணுமுணுத்தது. "கடைசிப் பெயரை என்னடி செய்யட்டும்?"

"விழுங்கிவிடு."

"நானா? ஒரு பெயரைக்கூட விட்டதில்லையே!"

"விட்டால் உன் பேர் போகும். விடாவிட்டால் பிள்ளையின் கழுத்து போகும்."

போர்வை சிரித்தது. "இதற்கா இந்தப் பாடு? நேற்று அண்ணன் தோள், இன்று தம்பி தோள். எனக்கு என்ன குறைந்துவிட்டது?"

"உன்னை யார் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்?" என்றது பாட்டு.

கொல்லப்பட்ட அரசனின் பெயரோடு அது நின்றது. நோஹெயா வழக்கப்படி தரையில் கையை அறைந்து, "முடிந்தது" என்றாள்.

பிள்ளை பிழைத்தது. மீன் உலர்த்தி வளர்ந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து லோனோகாஹி வாரிசில்லாமல் செத்தான். நோஹெயா அந்தப் பெண்ணைக் கைப்பிடித்துச் சபைக்கு அழைத்து வந்தாள். "இவள் மூத்தவரின் மகள்."

"பாட்டு சொல்லட்டும்" என்றார்கள் பெரியவர்கள்.

பாட்டு ஆசையோடு ஓடியது. நாற்பது பெயர்களையும் தாண்டி, அவள் பெயரையும் சொன்னது.

பெரியவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"இந்தப் பெயரை அன்று நாங்கள் கேட்கவில்லையே, நோஹெயா."

"பயந்து மறைத்தேன், ஐயா."

"நீ மறைப்பாய், தாயே. பாட்டு மறைக்காது. அது முடிந்தது என்றால் முடிந்ததுதான்."

"அன்றுதான் பொய் சொன்னேன்!" என்று பாட்டு கதறியது. ஆனால் வம்சப் பாட்டுக்குச் சபை முன் பெயர்களைச் சொல்ல மட்டுமே வாய் உண்டு. அங்கே யாருக்கும் அது கேட்கவில்லை.

அரசு பக்கத்துத் தீவுக்காரனுக்குப் போயிற்று. அந்தப் பெண் கரைக்குத் திரும்பி நடந்தாள்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அந்தத் தீவுகளில் எழுத்து கிடையாது; பாட்டு சொன்னதுதான் பத்திரம்.