ஏழு புள்ளிக் காவல்

ஒரு காட்டின் ஓரத்தில், குழந்தைகளே, காட்டவரைக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. அதில் சிவப்புப் பொறிவண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன. தின்ன அசுவினிப் பூச்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்துக் கொடியில் முட்டைகள் எல்லாம் களவு போன செய்தி வந்ததிலிருந்து, யாருக்கும் யார்மீதும் நம்பிக்கை இல்லை.

தலைவர் செம்பொறியாருக்கோ தன் நிழல்மீதே சந்தேகம். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பொறிவண்டு முதலில் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். நிறம் ஏறியதும் அவர் வந்து முதுகைச் சோதிப்பார். சிவப்பு முதுகில் ஏழு கறுப்புப் புள்ளி இருந்தால்தான் கொடியில் இடம்.

அன்று ஒரே தாயின் பிள்ளைகள் இருவர் அருகருகே வெளிவந்தனர். குன்றிக்குச் சிவப்பு முதுகு, ஏழு புள்ளி. தங்கை நாவலுக்கோ கறுப்பு முதுகு, இரண்டே சிவப்புப் புள்ளி.

"யார் நீ? யார் அனுப்பி வந்தாய்?" என்று உறுமினார் செம்பொறியார்.

"இந்தக் கூட்டிலிருந்துதான் ஐயா வந்தேன்."

"காலிக் கூட்டின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்!"

தாய் ஓடி வந்தாள். "ஐயா, இவளும் என் வயிற்றுப் பிள்ளைதான். நம் அவரைக் கொடியும் பக்கத்துக் கொடியும் ஒரே கொடியின் விதையில் முளைத்தவை. ஒன்று வெள்ளையாகப் பூக்கிறது, ஒன்று ஊதாவாகப் பூக்கிறது. வித்துக்குள் ஒளிந்திருக்கும் நிறம் ஒரு பிள்ளையிடம் மட்டும் வெளியே வரும்."

"பூக்கள் முட்டை திருடுவதில்லை அம்மா," என்றார் செம்பொறியார். நாவலைக் கீழே விரட்டிவிட்டார்கள். பாவம், அவள் தரையில் ஒரு சருகின்மேல் அழுதபடி கிடந்தாள்.

மறுநாள் புதிய விருந்தாளி ஒன்று வந்தது. பளபளக்கும் சிவப்பு முதுகு. கால்களை உடலுக்கடியில் மடக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது.

செம்பொறியார் இரண்டு முறை எண்ணினார். "ஏழு! பார்த்தீர்களா, இதுவல்லவா நம் இனம்! முட்டைகளுக்கு நீயே காவல் இரு."

அன்று மாலைக்குள் பாதி முட்டைகளைக் காணவில்லை.

"எல்லாம் அந்தக் கறுப்பியின் வேலை! பிடித்து ஓடையில் தள்ளுங்கள்!" என்று கத்தினார் செம்பொறியார். கூட்டமே கொடியிலிருந்து இறங்கியது.

சருகில் கிடந்த நாவல் அப்போதும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இலைக்கு அடியில் தொங்கியபடி காவல்காரன் முட்டைகளைத் தின்பது அவளுக்குத் தெரிந்தது. முதுகில் தெரியாத ஒன்று அதன் வயிற்றுப் பக்கம் தெரிந்தது.

"அக்கா! அந்தக் காவல்காரனின் கால்களை எண்ணு!" என்று அலறினாள்.

"பேச்சை மாற்றுகிறாள். கால்களை யாராவது எண்ணுவார்களா?" என்றார் செம்பொறியார்.

குன்றி மட்டும் திரும்பி ஏறி இலைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "நான்கு... ஆறு... ஐயோ, எட்டு! சிலந்தி!"

சிலந்தி பாய்ந்து அவளைப் பற்றியது. நாவல் விர்ரென்று பறந்து வந்து அதன் முகத்தில் மோதினாள். பொறிவண்டுகளுக்கு ஆபத்து வந்தால் முழங்காலில் கசப்பான மஞ்சள் நீர் கசியும். அக்காளின் காலிலும் கசிந்தது, தங்கையின் காலிலும் கசிந்தது. கசப்புத் தாங்காத சிலந்தி துப்பிக்கொண்டே நூலில் இறங்கி ஓடியது.

மேலே ஓடி வந்த எல்லோரும் இருவரின் கால்களையும் பார்த்தார்கள். ஒரே மஞ்சள், ஒரே வாடை.

செம்பொறியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாவலின் அருகே வந்தார். "சரி, சரி. எதற்கும் உன் புள்ளிகளை இன்னொரு முறை..."

"புள்ளி இருக்கட்டும் ஐயா. மிச்சமிருக்கும் முட்டைகளை எண்ணுங்கள்," என்றாள் தாய்.

அவர் எண்ணினார். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

நீதி: நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவன் சொந்தத்தை விரட்டிவிட்டுப் பகைவனைக் காவலுக்கு வைப்பான்.