ஓரம் தேய்ந்த செருப்பு

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்து நான்கு. இடம், அரசு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த பிசியோதெரபி அறை. அங்கே ஒரு மின்விசிறி உண்டு. அதற்குத் தோன்றினால் சுற்றும்.

சீடர் பேச்சிமுத்து உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அளத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குப் பதினோரு கிலோமீட்டர். முப்பத்தோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு முறை, ஊர்வலத்தின் முன்னால் அவர் அதை நடந்து கடந்திருக்கிறார். மனுவில் மூன்று கோரிக்கைகள்: காலுக்குப் பூட்ஸ், குடிக்கத் தண்ணீர், ஒதுங்க நிழல். கலெக்டர்கள் மாறினார்கள். மனுவில் ஒரு வரியும் மாறவில்லை. மாற்ற வேண்டிய அவசியத்தை யாரும் உண்டாக்கவில்லை.

போன வருடம் நான்காவது கிலோமீட்டரில் அவருடைய வலது கணுக்கால் மடங்கியது. தார் ரோட்டில் குப்புற விழுந்தார். கொடி அவருக்கு முன்னால் விழுந்தது.

"'இந்த வருசம் மைக் கட்டின டெம்போவுல ஏறிக்கிடுங்க அண்ணாச்சி'னு பயலுவ சொல்லுதானுவ" என்றார் பேச்சிமுத்து. "ஏறிட்டா அப்புறம் எறங்க விடமாட்டானுவ, டாக்டரம்மா. அடுத்த வருசம் டெம்போவுல என் போட்டோ மட்டும் போகும்."

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி, பிசியோதெரபிஸ்ட்" என்றாள் குரு ஜெபக்கனி. "ஊர்வலம் என்னைக்கு?"

"இன்னும் ஆறு வாரம்."

"காலு எத்தன தடவ மடங்கியிருக்கு?"

"பதினேழு இருக்கும். எல்லாம் போலீஸ் அடியாலதான். எம்பத்தஞ்சுல லத்தியால கணுக்கால்லயே போட்டான்."

ஜெபக்கனி அவருடைய செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினாள். சுண்டுவிரல் பக்கம் தேய்ந்து காகிதமாக இருந்தது. பெருவிரல் பக்கம் கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தது.

"லத்தி அடி செருப்பத் தேய்க்காதே" என்றாள்.

பிறகு அவருடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று வாய்க்கால் போல ஓடியது.

"இது?"

"இருவது வயசுல. உப்புப் பாத்தியில நின்னு நின்னு வெடிச்சுது. உப்புத் தண்ணி அதுக்குள்ள எறங்குனா உச்சி மண்ட வரைக்கும் எரியும். அந்தப் பக்கம் ஊனாம, ஓரத்துலயே நடந்து வேல பாத்தேன்."

"புண்ணு எப்ப ஆறுச்சு?"

"அந்த மழக்காலத்துலயே ஆறிட்டு."

"ஆறிட்டுனு கால்கிட்ட சொன்னியளா?"

பேச்சிமுத்து தழும்பை விரலால் தடவினார். கலெக்டர்களையே கேள்வி கேட்டுப் பழகியவர் அவர்.

மறுநாள் ஜெபக்கனி பஜாரில் ஒரு குழந்தைச் செருப்பு வாங்கி வந்தாள். மிதித்தால் பீப்பீ என்று கத்தும் செருப்பு. அதன் வயிற்றைக் கிழித்துப் பீப்பீயை எடுத்து, பேச்சிமுத்துவின் வலது செருப்பில் சுண்டுவிரல் ஓரத்துக்கு அடியில் வைத்துத் தைத்தாள்.

"பாரம் முழுசும் ஓரத்துல விழுந்தா கத்தும். பெருவிரலுக்குக் கீழயும் ஊனுனா கத்தாது. நடங்க."

வராந்தாவில் நடந்தார். அடிக்கு ஒரு பீப்பீ. ஊசி போட வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பிள்ள வருது, வழி விடுங்கப்பா" என்றார் ஒரு கிழவர்.

பேச்சிமுத்துவின் காது சிவந்தது. "இது எப்பத்தான் வாய மூடும்?"

"சொல்ல வந்தத நீங்க கேட்டுட்டா மூடிக்கிடும்."

இரண்டு வாரம் போனது. சங்க அலுவலகத்தில் அவர் வரும்போது பையன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. தெருக் குழந்தைகள் பின்னால் வரிசை கட்டினார்கள். இப்படி ஒரு ஊர்வலத்தை அவர் நடத்தியதே இல்லை.

மூன்றாவது வாரம் அவர் மருத்துவமனைக்கு வந்தபோது செருப்பு பேசவே இல்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து காட்டினார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரியாயிட்டு பாத்தியளா? டெம்போவ வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"செருப்பக் கழத்துங்க."

ஜெபக்கனி ஓரத் தையலில் விரலை விட்டாள். பீப்பீயின் வாயிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை வெளியே இழுத்தாள். நன்றாக அடைத்து, ஈர்க்குச்சியால் குத்தி இறுக்கிய பஞ்சு.

அறையில் மின்விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது.

"உப்புக் கம்பெனி ஆபீஸ்ல மனு குடுக்கப் போனவன் வாயில துணியத் திணிச்சானுவனு ஒங்க துண்டறிக்கையில படிச்சிருக்கேன்" என்றாள் ஜெபக்கனி. "எங்க அம்மா அளத்துலதான் வேல பாத்தா. துணியத் திணிச்ச பெறகு மனுவுல இருந்த கொற தீந்துச்சா அண்ணாச்சி?"

பேச்சிமுத்து எழுந்தார். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்று பக்கத்து அறை நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் காலை வராந்தாவில் பீப்பீ கேட்டது. ஜெபக்கனி தலை நிமிரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு அடிக்கு ஒரு பீப்பீ. நான்காவது வாரம் பத்து அடிக்கு ஒன்று. ஐந்தாவது வாரம் ஒற்றைக் காலில் நின்றபடி, அரசாங்கத்தை முழுதாக ஒரு நிமிடம் திட்டி முடித்தார். கால் ஆடவில்லை.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் அவர் கேட்டார். "பதினோரு கிலோமீட்டர். இந்தக் கால நம்பலாமா?"

"கத்துனா கேளுங்க" என்றாள் அவள்.

ஊர்வலம் முடிந்த மறுநாள் பேச்சிமுத்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

"விழுந்தியளா?"

"விழல. ஆனா நடுவுல உக்காந்துட்டேன்."

"எங்க?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம். ஏழாவது கிலோமீட்டர். கோசத்துல காதுக்கு ஒண்ணும் கேக்கல. பாதத்துக்கடியில பீப்பீ அமுங்குறது தெரிஞ்சுது. ஒருதடவ. விட்டுட்டு நடந்தேன். பெறகு அடிக்கு அடி. முந்தியெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிருவேன். நேத்து கொடியப் பக்கத்துல இருந்தவன் கையில குடுத்துட்டு, ரோட்டோரம் உக்காந்துட்டேன். முப்பத்தோரு வருசத்துல இதான் மொத தடவ."

"அப்புறம்?"

"பின்னால நானூறு பேரு. அத்தன பேரும் உக்காந்துட்டாவ. 'ஸ்ஸ்... அப்பாடா'னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. எத்தனையோ கோசம் எழுதியிருக்கேன். அப்பிடி ஒரு சத்தத்த ஒரே கொரலா நான் கேட்டதில்ல."

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"வருசா வருசம் அந்தப் பாலத்துலதான் பாதிப் பேரு காணாமப் போவாவ. ஊர்வலம் முடிஞ்சதும் துண்டறிக்கை போடுவேன், 'பாலத்தில் நழுவிய கோழைகளே'னு. இந்த வருசத்துக்கும் முன்கூட்டியே அடிச்சு வச்சிருந்தேன்."

ஜெபக்கனி ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பக்கத்துல வேலம்மானு ஒரு பொம்பள உக்காந்தா. அளத்துல உப்பு செமக்கிறவ. காலத் தூக்கி எம் மூஞ்சிக்கு நேரா காட்டுனா. பெருவிரலுக்குக் கீழ வாய் பொளந்து கெடக்கு. எனக்கு இருந்த அதே எடம். 'கோழைனு என்னத்தான எழுதுனிய? தலைவரு நிக்காம நாங்க எப்பிடி அண்ணாச்சி நிக்கிறது? அதான் நழுவுனோம்'னா."

"நீங்க என்ன சொன்னிய?"

"கால் மணி நேரம் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பெறகு எல்லாரும் எந்திரிச்சோம்."

"கலெக்டர் ஆபீசுக்கு எத்தன பேரு போய்ச் சேந்திய?"

"நானூறு பேரும்." அவர் காலித் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "வாசல்ல நிக்க எடம் பத்தல. கலெக்டரு எறங்கி வெளிய வந்து மனு வாங்குனாரு. பூட்ஸு வருமா வராதா, தெரியாது. எறங்கி வந்தாரு."

ஜெபக்கனி அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னாள். போய்த் திரும்பினார். செருப்பு பேசவில்லை. தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பஞ்சு இல்லை. தையலைப் பிரித்துப் பீப்பீயை வெளியே எடுத்தாள்.

"இனி இது வேண்டாம்."

பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்றார்.

"டாக்டரம்மா, அப்பம் இத்தன வருசமா பாலத்துல நழுவுனவங்க கத்துனதத்தான் நான்..."

குனிந்து வலது செருப்பைப் பார்த்தார்.

ஜெபக்கனி மேசை இழுப்பறையைத் திறந்தாள். மூன்றாவது வாரம் எடுத்து வைத்த பஞ்சு உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஆஸ்பத்திரிப் பஞ்சு இல்ல அண்ணாச்சி. நீங்க திணிச்சது. எடுத்துட்டுப் போங்க."