குவாத்தமாலாவில் மாவு அரைக்கும் முறை

மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டிருந்தோம். விரலிடுக்கில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் தோல் கையில் நின்றுவிடும், பருப்பு சட்டியில் போய் விழும். பின்பக்கம் துவைக்கிற கல்லை ஒட்டி நான், என் ஓரகத்தி நதியா, எதிர்வீட்டு சம்பூரணம் அக்கா, மூணு பேரும் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தோம். குசுகுசுவென்றுதான் பேச்சு. நதியாவின் வீட்டுக்காரர் பூபதி உள்ளே ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டு தூங்குகிறார். அமெரிக்காக்காரனுக்காக ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, பகல் முழுக்கத் தூக்கம். எங்கள் வீட்டில் பகலில் மிக்சி ஓடாது. கீரை விற்கிற அம்மா கூட எங்கள் வாசலுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு கையைத்தான் காட்டும்.

என் வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனிதான். எந்த ஊரிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதால், அமெரிக்காவோடு சேர்ந்து விடிகிற ஊராகப் பார்த்து, நமக்குக் கட்டுப்படியாகிற ஊராகவும் பார்த்து, போன வருஷம் என்னையும் பாப்பாவையும் குவாத்தமாலா சிட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது பொங்கலுக்கு வந்திருக்கிறோம். பூபதிக்கும் அதே வாய்ப்பு வந்திருக்கிறது. சாயங்காலம் அவர் எழுந்ததும் வருகிறோம், வரவில்லை என்று பதில் அனுப்பியாகணும். நதியா இன்னும் தலையாட்டவில்லை. எனக்கோ அவள் வந்தே தீரணும். எட்டாவதோடு நின்றவள் நான், நாலு பேர் எதிரில் வாய் வராது. அப்படிப்பட்ட நான் காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

"அங்க குடித்தனம் பண்றது ரொம்ப சுலபம் நதியா. வருஷம் பூரா மார்கழி மாசம் காலை பத்து மணி மாதிரியே இருக்கும். எங்க வீட்டுல ஃபேன் மாட்டக் கொக்கி கூட கிடையாது."

"வேர்க்கவே வேர்க்காதாக்கா?"

"வேர்வையா? போன மாசம் உங்க மாமாவுக்கு நெத்தியில ஒரு பொட்டு வேர்வை வந்துருச்சு. என்னமோ ஏதோன்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனாங்க."

சம்பூரணம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்தப்போ பேரு என்னன்னு கேட்டதுக்கே தலையைக் குனிஞ்சுக்கிட்ட பொண்ணாடி நீ? சரி, அது கிடக்கட்டும். அந்தக் குளிர்ல மாவு எப்படிடி புளிக்கும்?"

நதியா நிமிர்ந்தாள். அவள் இட்லியிலேயே வளர்ந்தவள்.

உண்மையைச் சொன்னால், முதல் தடவை கரைத்து வைத்த மாவு வைத்தபடியே கிடந்தது. குண்டானைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதையெல்லாம் அங்கே சொல்ல முடியுமா?

"நெட்டு வர்ற பெட்டி இருக்குல்ல, அது எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். குண்டானை அது மேல வச்சுட்டேன்க்கா." இது வரைக்கும் நிஜம். அதற்குமேல் வாய் நிற்கவில்லை. "காலையில பாத்தா மாவு பொங்கி வழிஞ்சு பெட்டிய முழுங்கிருச்சு. நெட்டு போச்சேன்னு இவரு தலையில கை வச்சுக்கிட்டாரு. அங்கதான் அதிசயம். முன்னைவிட வேகமா வருது, மாவு வழியா! அந்த மாவுல தோசை சுட்டா, தோசை போற இடமெல்லாம் சிக்னல். இப்ப இவரு ரெண்டு தோசைய டிபன்ல மடிச்சு வச்சுக்கிட்டு பார்க்குல உக்காந்து வேலை பாக்கறாரு."

"பசிச்சுத் தின்னுட்டா?" என்றாள் நதியா.

"வயித்துல இருக்கற வரைக்கும் கிடைக்கும். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் மெதுவாயிரும்."

"அடியே, அடியே," என்றார் சம்பூரணம் அக்கா. "புளிக்கறது இருக்கட்டும், அரைக்கறது? கிரைண்டரைத் தலையிலயா தூக்கிட்டுப் போனே?"

"கிரைண்டர் எதுக்குக்கா? அங்க பூமியே ஆடுமே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நதியாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "பூமி ஆடுமா?"

"ஐய, சும்மா தொட்டில் ஆடற மாதிரி," என்று அவசரமாகச் சமாளித்தேன். "அரிசி உளுந்தை ஆட்டுக்கல்லுல போட்டுக் குழவியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும். நாம சுத்தவே வேணாம். சின்ன ஆட்டமா இருந்தா அடைக்குப் பதம். நல்ல ஆட்டமா இருந்தா வெண்ணெய் மாதிரி இட்லிக்கு. ஒரு நாள் உளுந்து கொஞ்சம் கொரகொரன்னு நின்னுபோச்சு. இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு மெதுவாத்தான் கேட்டேன். கேட்டதும் ஆடிருச்சு."

"பூமிக்குத் தமிழ் தெரியுமாக்கும்."

"எனக்குத்தான் வேற பாஷை தெரியாதேக்கா. அதுதானே கத்துக்கணும்?"

நதியா சிரித்துவிட்டாள். கை மறுபடி ஓட ஆரம்பித்தது. விடக்கூடாது என்று காய்கறிக்குப் போனேன்.

"நம்ம பெங்களூர் கத்திரிக்காய், அதான் சௌசௌ, இருக்குல்ல, அது அந்தப் பக்கத்துச் சரக்குதான். நான் பால்கனியில பெயிண்டு டப்பாவுல ஒரு காயை நட்டேன். மத்தியானம் மேல்மாடிக்குப் போயிருச்சு. சாயங்காலம் ஜன்னல் வழியா உள்ள வந்துருச்சு. இவரு மீட்டிங்ல உக்காந்திருக்காரு, கொடி நாற்காலியச் சுத்தி, ஹெட்போனைச் சுத்தி, ஒரு இலை போயி கம்ப்யூட்டர் பட்டனைத் தட்டிக்கிட்டிருக்கு. அந்தப் பக்கம் அமெரிக்கா துரை பாக்கறாரு. உங்க பக்கத்துல பச்சை சட்டை போட்டவர் யாரு, வாயத் தொறக்காம வேலை பாக்கறாரேன்னு கேட்டாரு. இப்ப கொடிக்கும் தனியா ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கு."

"லீவு எல்லாம் உண்டா?"

"ஞாயித்துக்கிழமை காய்க்கும்."

சம்பூரணம் அக்கா மடியில் கிடந்த தோலை உதறினார். "ரொம்ப சந்தோஷம். எரிமலையப் பத்தி வாயே தொறக்கலையே நீ? அந்த ஊரை ஒட்டி எரிமலை இருக்காம். போன்ல பாத்தேன், நெருப்பாக் கக்குது."

இந்த அக்கா யார் பக்கம் என்றே தெரியவில்லை. நதியா மொச்சையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருக்கு," என்றேன். "மாடியில நின்னா தெரியும். ஆனா நான் போற வரைக்கும்தான் அது எரிமலை. இப்ப அது இட்லிப்பானை."

"என்னது?"

"அவ்வளவு ஆவி வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல. ஒரு நாள் ஏறிப் போயி, எங்கம்மா கொடுத்தனுப்பின எட்டு முழ வேட்டிய வாய் மேல கட்டி, மாவை ஊத்தி மூடிட்டேன். ஒரே இட்லி. நம்ம ஏரி அகலம். ஊரே வந்து பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுது. ஓரத்துல உக்காந்திருந்தவங்க நடுவுக்கு நடந்து போய்த்தான் சட்னி தொட்டுக்க வேண்டியிருந்துது."

"வெந்துருச்சான்னு எப்படிப் பாத்தே?"

"தண்ணியத் தொட்டுக்கிட்டு விரலை வச்சுத்தான்."

"எரிமலையிலயா?"

"எங்க வச்சா என்னக்கா, இட்லி இட்லிதானே."

சம்பூரணம் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். உள்ளே கட்டில் கிறீச்சென்றது. பூபதி புரண்டு படுத்தார். மூணு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவர் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நதியா என்னையே பார்த்தாள். "எல்லாம் சரிக்கா. அவங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருவாங்க. பகல் பூரா அங்க நீ யாரோட பேசுவே?"

"பேசறதுக்கா ஆள் இல்ல? காலையில எழுந்தா தெருவே எனக்காகக் கை தட்டும். தட்டு தட்டுன்னு தட்டும்."

அது கை தட்டுகிற சத்தம் இல்லை. தெருமுனையில் பெண்கள் மக்காச்சோள மாவை உள்ளங்கையில் தட்டித் தட்டி ரொட்டி போடுவார்கள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு, யாரோ என்னைப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த அக்காக்கள் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு விறுவிறுவென்று வந்துவிடுவேன். ஒரு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு.

"ஒரு தெருவே உனக்குக் கை தட்டுதுன்னா," என்றாள் நதியா, "அத்தனை பேரையும் விட்டுட்டு, காலையில இருந்து என்கிட்ட எதுக்குக்கா இந்தக் கெஞ்சு கெஞ்சறே?"

சட்டியில் இருந்த பருப்பை எடுத்து மறுபடி பிதுக்கினேன். அதில் தோலே இல்லை.

"பாவம்டி," என்றார் சம்பூரணம் அக்கா. "ஒரு வருஷத்துப் பேச்சைச் சேத்து வச்சு நம்ம தலையில கொட்டியிருக்கா. இவள இப்படியே தனியா அனுப்பினா அந்த எரிமலையும் தாங்காது."

நதியா கையைக் கழுவி எழுந்தாள். "அவரு எழுந்ததும் வர்றோம்னு சொல்லிடறேன். ஆனா அங்க போயி நீ பழையபடி கதவுக்குப் பின்னால நின்னே, அடுத்த ஃபிளைட்டப் பிடிச்சு நான் பாட்டுக்குத் திரும்பி வந்துருவேன், ஆமா."

கதவு விஷயத்தை நான் சொல்லவே இல்லையே. என் வீட்டுக்காரர்தான் தம்பி பூபதியிடம் சொல்லியிருக்கணும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஃபிளைட்டப் பிடிப்பியா? அந்த ஊர் ஃபிளைட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"கோமளா!" உள்ளேயிருந்து மாமியார். "பாப்பா முழிச்சுக்கிட்டா, வா!"

"தோ வர்றேன் அத்தை!"

நதியா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டுப் போக்கா. ஃபிளைட்டுக்கு என்ன?"

போகிற போக்கிலேயே சொன்னேன். "அங்க ஃபிளைட்டு கீழ இறங்கறதே கிடையாது நதியா. ஊருதான் கொஞ்சம் மேல எழும்பிப் போயி, ஃபிளைட்டோட கதவுக்கு நேரா நின்னுக்கிட்டு ஆளை இறக்கிக்கும்!"